ஸ்போர் என்ற சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் பச்சையப்பன். இந்த வரியை நானே எழுதினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

வயது எழுபத்தொன்று. எட்டு மாதம் படித்தேன். போன மாதம் பரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டேன். வகுப்பில் பதினொரு பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். "எழுத்து எங்கியும் ஓடிப் போவாது, மெதுவா புடிங்க" என்று கேலி செய்வார்கள். மெதுவாகத்தான் பிடிக்கிறேன். இதுவரை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

சொல்லித் தருகிறவள் கோகிலா. எங்கள் காலனிப் பெண், காலேஜ் முடித்தவள். பகலில் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர், சாயங்காலம் எங்களுக்கு டீச்சர். அவள்தான் இந்த நோட்டைக் கொடுத்தாள். "தினம் நாலு வரி எழுதுங்க தாத்தா. இல்லன்னா கை மறந்துடும்" என்றாள்.

நாலு வரிக்கு மேலே போய்விட்டது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 5, புதன்

மழை. "மழை" என்று எழுதினேன். ழ நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 8, சனி

தீப்பெட்டி, சோப்பு உறை, பல்பொடி டப்பா எல்லாம் படித்தாயிற்று. ஒரு சின்னத் தீப்பெட்டியில் இத்தனை விஷயம் எழுதியிருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

செங்கம் பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு ஏறினேன். கண்டக்டர், "எங்க போவணும் பெருசு?" என்றார். "முன்னாடி போர்டுல எழுதியிருக்குதே, அங்கதான்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

வீட்டில் என் மகள் தவமணிதான் கத்துகிறாள். "நைனா, பொட்டலத்த பிரிக்க உடு. மொளகாய எடுத்துட்டு பேப்பர நீயே வெச்சிக்க!"

அடுத்த வீடு அஞ்சலை. என் தம்பி துரைக்கண்ணுவின் மனைவி. அவன் செத்து நாற்பது வருஷம். பிள்ளை இல்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தவமணியும் அவளும் சேர்ந்துதான் நூறு நாள் வேலைக்குப் போவார்கள். அஞ்சலையை வகுப்புக்குக் கூப்பிட்டேன். "நீ படிச்சது போதும் மாமா. இன்னா எழுதியிருக்குதுன்னு நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

ஜூன் 12, புதன்

ஊர்ப் பக்கம் ராஜாமணி வீட்டுக் கறவை மாடு காலையில் செத்தது. சாயங்காலம் இன்னொன்று. இரண்டும் மேய்க்கால் புறம்போக்கில் மேய்ந்தவை. மூக்கிலும் பின்பக்கத்திலும் கறுப்பாக ரத்தம் வந்தது. உறையவே இல்லை.

மாட்டு டாக்டர் வந்தார். சின்ன வயசு அம்மா. யாரையும் கிட்டே விடவில்லை. முகத்துக்கும் கைக்கும் உறை போட்ட ஆட்கள் வந்து மாட்டை அப்படியே எரித்தார்கள். மற்ற மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள்.

அந்த மாதிரி ரத்தத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குத் தழை போட வேண்டும். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 13, வியாழன்

நோட்டீஸின் முன்பக்கத்தைப் படிக்கக் காலை முழுவதும் ஆனது. சர்க்கார் கொடுத்த காகிதத்தை என் கண்ணாலேயே படித்தேன். முன்பெல்லாம் யாரையாவது தேடிப் போய் நிற்க வேண்டும்.

"அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்). மாடு, ஆடு, மனிதர்களைத் தாக்கும். இதை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். இக்கிருமி ஸ்போர்களாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் இருக்கும்."

ஸ்போர். ஸ் என்ற எழுத்தை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். போர் தெரியும். ஆனால் சேர்த்துப் படித்தால் அது வேறு ஏதோ. நாளை கோகிலாவிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

கேட்டேன். கோகிலா பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்தாள். பதினொரு பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"விதைன்னு சொல்லலாமா?" என்றேன்.

"காளானுக்குச் சொன்னா சரி தாத்தா. காளான் ஸ்போர் காத்துல பறந்து போய் வேற எடத்துல காளானா மொளைக்கும். ஆனா பாக்டீரியா ஸ்போர் அப்படி இல்ல. ஒரு கிருமி ஒரே ஒரு ஸ்போராத்தான் மாறும். அது புள்ள பெத்துக்கறதுக்கு இல்ல, சாவாம கெடக்கறதுக்கு."

"எப்டி சாவாம கெடக்கும்?"

"மேல கெட்டியா ஓடு கட்டிக்கும். சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம். வெயில் அடிச்சாலும் சாவாது. அம்பது வருஷம்கூட மண்ணுல கெடக்கும். ஒரு மாடு மேயறப்போ வாயில போச்சுன்னா அவ்ளோதான், ஒடம்புக்குள்ள திரும்ப எழுந்துக்கும்."

"என் மாமியா மாதிரி!" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே சொல் காளானுக்கு ஒரு வேலை செய்கிறது, கிருமிக்கு வேறு வேலை செய்கிறது. எவ்வளவு நுணுக்கமாக யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்போர், ஸ்போர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

புதுச் சொல் கற்றால் அதை வைத்து மூன்று வாக்கியம் எழுதி வர வேண்டும். அது கோகிலாவின் சட்டம்.

1. ஸ்போர் கண்ணுக்குத் தெரியாது.

2. ஸ்போர் அவசரப்படாது.

மூன்றாவது நாளைக்கு.

ஜூன் 15, சனி

நோட்டீஸின் பின்பக்கம் படித்தேன்.

"இறந்த மாட்டின் உடலைத் திறக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. உடல் மூடியே இருந்தால் கிருமிகள் உள்ளேயே அழுகி அழியும். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் அவை ஸ்போர்களாக மாறும்."

மூன்றாவது வாக்கியம் இன்று எழுதவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூன் 17, திங்கள்

தவமணி வேலையிலிருந்து வந்து சொன்னாள். ஏரி வேலை முடிந்துவிட்டது. அடுத்து மேய்க்கால் புறம்போக்கில் குட்டை வெட்டப் போகிறார்களாம். வேப்பமரத்துக்குக் கிழக்கே.

"அங்க வெட்டக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"மாடு பொதைச்ச எடம்."

"எப்ப? யாரு பொதைச்சது?"

"நானும் உங்க சித்தப்பனும்."

அவளிடம் சொன்ன வரைக்கும் இங்கேயும் எழுதுகிறேன்.

1984, ஆடி மாதம். ஊரில் ஒரே வாரத்தில் ஒன்பது மாடு செத்தது. செத்த மாட்டை எடுப்பது அப்போது எங்கள் வேலை. அதைச் செய்ய மாட்டோம் என்று சொல்லும் காலம் அன்றைக்கு வந்திருக்கவில்லை. நானும் துரைக்கண்ணுவும் வேப்பமரத்துக்குக் கிழக்கே குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, ஒன்பதையும் புதைத்தோம். பத்தாம் நாள் துரைக்கண்ணு செத்தான். முன்கையில் கறுப்பாக ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை என்றான். பிறகு கை வீங்கியது, கழுத்து வரை வீங்கியது. அவனுக்கு இருபத்தெட்டு வயது.

அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ்ப் பானை தூக்கி வந்தவள் அஞ்சலை. கோயில் வாசலில் பானை கை நழுவி உடைந்தது. மறுநாளே முதல் மாடு செத்தது. என் அம்மாதான் முதலில் சொன்னாள். "இவ ஒடைச்ச பானைதான் மாட்டையும் தூக்கிச்சி, எம் மவனையும் தூக்கிச்சி." காலனி முழுவதும் அதையே சொன்னது. அன்றிலிருந்து அஞ்சலை கூழ் ஊற்றும் நாளில் முன்னால் வருவதில்லை. எல்லோரும் வாங்கிப் போன பிறகு வருவாள். புதுப் பெண்கள் வளையல் போடும் இடத்திலும் அவளைக் கூப்பிடுவதில்லை. நாற்பது ஆடி.

கை வலிக்கிறது. இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கோகிலாவோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நல்ல வேளை வந்து சொன்னீங்கய்யா. எவ்ளோ ஆழம் வெட்டினீங்க?"

"ஆறடி இருக்கும்மா. சுண்ணாம்பு போட்டோம்."

அடுத்து அவர் கேட்டது: "முழுசா பொதைச்சீங்களா, இல்ல தோல் உரிச்சீங்களா?"

கோகிலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசாத்தாம்மா" என்றேன்.

"அப்படின்னா பயம் ரொம்பக் கொறைவு. இருந்தாலும் அந்தக் குழி மேல வெட்ட வேணாம். பஞ்சாயத்துல சொல்லி எடத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தேன். வாயால் சொன்னபோது "முழுசா" என்பது சின்னச் சொல்லாக இருந்தது.

ஜூன் 20, வியாழன்

குட்டையை நூறடி தள்ளி மேற்கே வெட்டப் போகிறார்கள். பாறை ஓரம்.

பாறை ஓரம்!

ஜூன் 21, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. கோகிலா வீட்டுக்கு வந்தாள். "தாத்தா, உங்க மூணாவது வாக்கியம் பாக்கி" என்று சிரித்தாள். காய்ச்சல் என்று சொன்னேன்.

பாறை ஓரத்தில் வெட்ட வேண்டாம் என்று கோகிலாவிடம் சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? பாம்புப் புற்று இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். புற்று எங்கே என்று போய்ப் பார்ப்பாள். அவள் அப்படிப்பட்டவள்.

ஜூன் 22, சனி

இன்று பாறை ஓரத்தில் முள் வெட்டினார்கள். திங்கட்கிழமை மண்வெட்டி போடுவார்களாம்.

சாயங்காலம் அஞ்சலை எங்கள் வாசலில் உட்கார்ந்து தவமணியிடம் கையை நீட்டினாள். வேலிக்காத்தான் முள் முன்கையில் நீளமாகக் கீறியிருந்தது. தவமணி மஞ்சள் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன்.

"இதுக்கா? முள்ளு கீறினதுக்கு ஆஸ்பத்திரி போனா டாக்டரே சிரிப்பாரு மாமா."

"போன்னு சொன்னா போயேன்!"

கத்திவிட்டேன். தவமணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அஞ்சலையும் பார்த்தாள். அவள் பார்த்தது வேறு மாதிரி.

துரைக்கண்ணுவுக்கும் முன்கையில்தான்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

செத்த மாட்டை எடுப்பதற்குக் கூலி கிடையாது. தோல் எங்கள் பங்கு, அவ்வளவுதான். அந்த வாரம் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, "இந்த நோவுல செத்த மாட்ட அறுக்காதீங்க, அப்படியே பொதைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

துரைக்கண்ணு, "வேணாண்ணா. அந்த ஆளு ஏதோ தெரிஞ்சுதான் சொல்றாரு. பொதைச்சிடலாம்" என்றான்.

நான், "ஒம்போது தோலுடா. நம்ம பங்க மண்ணுல போட்டு மூடச் சொல்றதுக்கு அவன் யாரு?" என்றேன்.

அண்ணன் சொன்னால் தட்ட மாட்டான். பாறை மேல் போட்டு உரித்தோம். கத்தி பிடித்தது அவன். எனக்குக் கோணல்மாணலாகத்தான் உரிக்க வரும், அவனுக்கு ஓட்டை விழாமல் உரிக்க வரும். அதனால் அவனைக் கத்தி பிடிக்கச் சொன்னேன். முந்தின நாள் விறகு வெட்டியதில் அவன் முன்கையில் கீறல் இருந்தது. ரத்தமெல்லாம் பாறையிலிருந்து ஓரத்து மண்ணில் இறங்கியது. பிறகுதான் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தோம்.

அவன் செத்த பிறகு என் அம்மா அஞ்சலையைத் திட்டினாள். ஊர் திட்டியது. கம்பவுண்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கிருமி, ஸ்போர் எல்லாம் தெரியாது. ஆனால் பானை இல்லை என்று தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

3. நான் உரிக்கச் சொன்னதால் பாறை ஓரத்து மண்ணில் ஸ்போர் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

விடிந்ததும் பாறைக்குப் போய்விட்டேன். ஆட்கள் வரும்வரை நின்றேன். நாற்பது பேர் இருக்கும். கோகிலா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அஞ்சலை கூடையோடு நின்றாள்.

"இங்க யாரும் மம்பட்டி போடாதீங்க" என்றேன்.

"இன்னா பச்சையப்பா, படிச்சதும் ஆபீசர் ஆயிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள்.

நோட்டை எடுத்து நேற்று எழுதியதைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முதலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வேணாண்ணா" என்று துரைக்கண்ணு சொன்ன இடம் வந்தபோது சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கப் பயம். எழுத்தையே பார்த்துக்கொண்டு முடித்தேன்.

நிமிர்ந்தபோது அஞ்சலை கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வேகமாகப் போகவில்லை. முட்டி வலி அவளுக்கு.

கோகிலா பெயர் நோட்டை மூடினாள். "எல்லாரும் பாறைய விட்டுத் தள்ளி வாங்க" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

அதிகாரிகள் வந்தார்கள். மண்ணெடுத்துப் போனார்கள். பாறையைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். சனிக்கிழமை முள் வெட்டிய எல்லோரையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் மாத்திரை கொடுத்தார்கள். அஞ்சலையின் கீறலைத் தனியாகப் பார்த்தார்களாம். தினம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா என்னிடம், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தவமணி சோற்றைப் போட்டுவிட்டு உடனே வெளியே போய்விட்டாள்.

ஜூன் 28, வெள்ளி

அஞ்சலையின் கீறல் காய்ந்துவிட்டது. கறுப்பு இல்லை. தவமணி தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள்.

ஜூலை 1, திங்கள்

பெண்கள் நாலு பேர் அஞ்சலை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்த ஆடிக்குக் கூழ்ப் பானையை அவள்தான் தூக்க வேண்டும் என்று கேட்டார்களாம். அவள், "அறுவத்தி நாலு வயசாவுது எனக்கு. இப்ப வந்து தூக்குன்றீங்களே, முட்டி தாங்குமா? இருவத்தி நாலுல கேட்டிருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

மத்தியானம் அஞ்சலை வந்தாள். தவமணி வேலைக்குப் போயிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். நான் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எட்டு நாளாகச் சொற்களைத் தேடி வைத்திருந்தேன். துண்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"மாமா, நீ படிச்சது எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ உரிக்கச் சொன்னது. சாவறதுக்கு முன்ன நாள் அவரு சொன்னாரு. 'அண்ணன் நொந்து போயிருக்குது. நீ யாருகிட்டயும் சொல்லாத. அதுவே சொல்லும்'னாரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். இதோ சொல்லும், இப்ப சொல்லும்னு. உங்கம்மா செத்த அன்னிக்கிக்கூட பாத்தேன். பொறவு பாக்கறத உட்டுட்டேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே அஞ்சலை."

"அவரு கடைசியா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

ஆடு கத்தியது. அவளே எழுந்து போய் அதற்கு இரண்டு தழையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஸ்போரு, அது மண்ணுல கெடக்கும்னு அப்ப உனக்குத் தெரியாது இல்ல?"

"சத்தியமா தெரியாது."

"உரிச்சா அவரு சாவாருன்னும் தெரியாது."

"தெரியாது அஞ்சலை."

"சரி. அதெல்லாம் தெரியாது." செம்பைக் கீழே வைத்தாள். "பானையால இல்லன்னு தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சுவரைப் பிடித்து எழுந்து, தன் வீட்டுக்குப் போனாள்.